பூனை வளர்ப்பார் பிழைகளும் பொறுப்பும்

தமிழர் நன்கறிந்த பூனைகள் இரண்டு. ஒன்று மாமல்லபுரத்துப் பாறையில் உள்ளது. பல்லவர் காலத்துச் சிற்பிகள், பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைமேல் உயர்த்தித் தவஞ்செய்யும் பூனையொன்றைச் செதுக்கி, அதன் அருகே எலிகளையும் அமைத்தனர். போலித் தவத்தின் உருவமென்றே காண்பவர் அதனைச் சுட்டி நகைப்பர். மற்றொன்று கம்பநாடர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில் காட்டும் பூசை. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடக் கருதிப் புகுந்தது அது. முன்னதற்குக் கள்ளம் என்னும் பழி. பின்னதற்குப் பேராசை என்னும் பழி. இவ்விரண்டிற்கும் முற்பட்ட குறுந்தொகையிலோ, ஒக்கூர் மாசாத்தியார் பாடிய செய்யுள் ஒன்றில், மாலை வேளையில் வேலியருகே வந்த வெருகினை அஞ்சி வீட்டுக்கோழிப் பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது.

இம்மூன்றிடத்தும் பூனை நம்மவருள் ஒன்றாகக் கருதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அன்று வேலியருகே நின்ற வெருகு இன்று நம் அடுப்படியில் உறங்குகின்றது. ஆயினும் நம் மனம் அதனை இன்னும் வேலிக்கு அப்பாலேயே நிறுத்தியுள்ளது. எலி பிடிக்குங்கால் அது 'எங்கள் வீட்டுப் பூனை'; நோயுறுங்காலும் குட்டி ஈனுங்காலும் அது 'தெருப் பூனை'. பூனைக்கு நேரும் தீங்குகளிற் பெரும்பாலன கொடியவர் செய்வன அல்ல. இங்ஙனம் பாதி உரிமை கொண்டாடும் நல்லவர் செய்வன என்பதே எம் துணிபு. அத்துணிபினை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக எடுத்து நிறுவ முயல்வாம்.

எம் ஊராகிய பூவம் காரைக்கால் வட்டாரத்தின் வட எல்லையில், நண்டலாற்றங்கரைப் பக்கத்தே உள்ளது. ஆற்றுக்கு அப்பால் பொறையாறும் தரங்கம்பாடியும் உள்ளன. கடற்கரையோரமாகக் காளிக்குப்பம், மண்டபத்தூர் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. உள்நாட்டிலே காவிரியின் கடைமடை வயல்கள் உள்ளன. நெல்லும் மீனும் ஒருங்கே வந்து சேரும் ஊரில் எலிக்கும் பூனைக்கும் குறைவு யாது? வீட்டுக்கொரு பூனை உண்டு. ஆயின் 'இஃது என் பொறுப்பு' என்று கூறுவார் மிகச் சிலர்.

இவ்வுறவு மிகப் பழையது. சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றன் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதன் தானியத்தைச் சேமித்தான்; தானியத்தை நாடி எலி வந்தது; எலியை நாடிப் பூனை வந்தது. நாம் வலிந்து அழைக்காமல் தானே வந்தமையின், அதற்கு நாம் கடன்பட்டிலேம் என்று எண்ணிவிட்டோம் போலும். 'எலி பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்னும் சொல்லே நம் பிழைகள் அனைத்திற்கும் வேர்.

முதற்கண் உணவை எடுத்துக்கொள்வோம். பூனைக்கு உரிய உணவு பாலென்று சிறுவரும் கூறுவர். பூனை பாலை விரும்புவது மெய்யே. ஆயினும் விரும்புதல் வேறு, செரித்தல் வேறு. தாய்ப்பாலை மறந்து வளர்ந்த பூனைகளிற் பலவற்றின் குடலில், பாற்சர்க்கரையைச் செரிப்பிக்கும் நொதி மிகவும் குறைந்துவிடுகின்றது. அப்பூனைகள் பசும்பாலைக் குடித்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். வளர்ந்த பூனை அதனைத் தாங்கினும் தாங்கும். தாயற்ற சிறு குட்டியோ உடல்நீர் வற்றி இறந்துபடும். ஆதலின் கிண்ணத்தில் நாள்தோறும் வைக்கவேண்டுவது தூய தண்ணீரே.

இனி, பருப்புஞ் சோறும் பிசைந்திட்டு வளர்ப்பார் சிலர் உளர். பூனை ஊனுண்ணி, அதன் உடலமைப்பு வேறு உணவால் நிலைபெறாது. டாரின் என்னும் பொருளை மனிதர் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ள வல்லர். பூனையோ தனக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள வல்லதன்று. இப்பொருள் இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. இது குறையுமாயின் விழித்திரை கெட்டுப் பூனை குருடாகும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயத் தசை தளர்ந்து விரியும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் அறிஞர் கண்டு வெளியிட்டனர். ஊன் உண்ணாமை ஒருவர் தமக்கு மேற்கொள்ளும் நோன்பாகலாம். அதனைப் பூனையின்மேல் ஏற்றுதல் அருளாகாது. ஊன் புகாத இல்லத்தார், பூனைக்கென்றே நிறைவுணவாக ஆக்கி விற்கப்படுவதை வாங்கியிடுதல் வேண்டும். அதற்கும் மனம் ஒவ்வாராயின் பூனை வளர்த்தலைக் கைவிடுதலே நன்று.

எம் ஊர்ப்பக்கத்துப் பிழை இதற்கு நேர்மாறானது. அங்கே பூனைக்கு மூன்று வேளையும் மீன். அதுவும் ஆய்ந்தெடுத்துக் கழித்த பச்சைமீன். மத்தி, நெத்திலி ஆகிய இனங்களைச் சார்ந்த மீன்கள் பலவற்றில், தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியொன்று உண்டு. இவற்றையே பச்சையாக நெடுநாள் தின்ற பூனை முதலில் உணவை வெறுக்கும், பின்னர்த் தள்ளாடி நடக்கும், கழுத்து வளையும், இறுதியில் வலிப்புக் காணும். கண்டவர் 'ஏதோ தீண்டிற்று' என்பர். மீனை வேகவைத்தால் அந்நொதி அழிந்துபோகும். எனினும் கொழுப்பு மிகுந்த மீனொன்றையே எந்நாளும் இடுதல் தகாது. அதனால் உடற்கொழுப்பு அழன்று, தொட்டாலும் துன்புறும் நோயொன்று உண்டாதல் கூடும். கோழியிறைச்சி, முட்டை முதலியவற்றையும் வேகவைத்து மாற்றி மாற்றி இடுதல் வேண்டும். வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்துமாதலின் அதனை விலக்குக. கருவாட்டின் உப்பும் பூனைக்கு ஆகாது. மீன்குழம்பு பிசைந்த சோறு நமக்கு அமுதெனினும், அதில் வெந்துள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. 'நாம் உண்பதையே அதற்கும் இடுகிறோம்' என்று பெருமையாகக் கூறுவோர் இதனை அறிதல் வேண்டும்.

இரண்டாவது, நீரும் மணலும். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தன. ஆதலின் பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும். கடைகளில் விற்கும் உலர்ந்த உணவை மட்டும் தின்னும் பூனைக்கு நீர்க்குறை மிகும். கடுவன் பூனை, அஃதாவது ஆண்பூனை, அடிக்கடி மணலிற் குந்தி முக்கியும் சிறுநீர் சொட்டாது தவிக்குமாயின், சிறுநீர்ப்பாதை அடைபட்டது என்று உணர்ந்து அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். இரண்டொரு நாளில் உயிர் போதலும் கூடும். வீட்டினுள் வளர்ப்போர் மணல் நிரப்பிய தட்டொன்றை வைத்து நாள்தோறும் துப்புரவு செய்க. மணல் நாறுமாயின் பூனை வேறிடந் தேடும். தேடியதற்காக அதனை அடிப்பது முறையன்று.

மூன்றாவது, மருந்து. இங்கே யாம் பிறர் பிழையைக் கூறப்போவதில்லை. எம் பிழையையே கூறுவோம்.

யாம் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற காலத்து, எம் இல்லத்தில் சாம்பல் நிறத்து வரிகளையுடைய கடுவன் ஒன்று இருந்தது. ஓரிரவு வேறொரு கடுவனோடு பொருது கடியுண்டு வந்தது. மறுநாள் தோள்பட்டை வீங்கியது, உடல் காய்ந்தது, உணவு கொள்ளாது நெற்குதிரின் பின்னே ஒடுங்கியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. யாம் அதன்பால் மிக்க அன்புடையேம். ஆதலின் வாளாவிருக்க மனம் வரவில்லை. வீட்டில் எல்லார்க்கும் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையிற் பாதியைப் பொடித்து, வெந்த மீனிற் கலந்து ஊட்டினோம். குழந்தைக்குக் கொடுப்பது பூனைக்கு ஆகாதா என்பது எம் எண்ணம். மாலையில் அது மேல்மூச்சு வாங்கியது. இரவில் முகமும் பாதங்களும் வீங்கின. இளஞ்சிவப்பாக இருந்த ஈறு சேற்றுநிறம் கொண்டது. விடிந்ததும் கூடையில் வைத்து மிதிவண்டியில் கொண்டுசென்றோம். மருத்துவர் ஈற்றைத் திறந்து பார்த்தவுடன் கேட்ட முதற்கேள்வி, 'என்ன மாத்திரை கொடுத்தாய், தம்பி?' என்பதே. நண்பகலுக்கு முன்னரே அஃது இறந்தது.

பாராசிட்டமாலை நம் கல்லீரல் வேறொரு பொருளோடு பிணைத்துத் தீங்கின்றி வெளியேற்றும். பூனையின் கல்லீரலுக்கு அவ்வாற்றல் மிகவும் குறைவு. பிணைக்கப்படாத மருந்து நஞ்சாக மாறிக் குருதியின் செந்நிறப் பொருளைக் கெடுக்க, அக்குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கின்றது. ஈறு பழுப்பானதற்குக் காரணம் இதுவே. ஒரே மாத்திரை, ஏன் அதன் பாதியுங்கூட, ஒரு பூனையைக் கொல்லப் போதியது. சில மணி நேரத்துள் கொண்டுவந்திருப்பின் மாற்றுமருந்து உண்டென்று அம்மருத்துவர் கூறினார். ஆஸ்பிரின், ஐபுபுரோபென் முதலியனவும் பூனைக்கு இத்தகைய இடரே. நாய்க்கென்று விற்கும் உண்ணிமருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உள. அவற்றைப் பூனையின் மேற்பூசினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகும். ஆதலின் நம் மருந்துப்பெட்டி பூனைக்கு நச்சுப்பெட்டி என்றே கொள்க. எம் கடுவன் கடியினால் இறக்கவில்லை. எம் அன்பினோடு கலந்திருந்த அறியாமையினால் இறந்தது.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்பினது. காட்டில் நலிவு காட்டிய உயிர் இரையாகிவிடுமாதலின், அது நோவை ஒளித்து ஒதுங்கும். எப்பொழுதும் மடியில் வந்து அமர்வது ஒருநாள் கட்டிலின் கீழ்ப் பதுங்குமாயின், அதுவே அதன் முறையீடு. ஒருநாள் முழுதும் உணவு கொள்ளாமை பொருட்படுத்தத்தக்கது. பருத்த பூனை சில நாள் பட்டினி கிடப்பின் கல்லீரலிற் கொழுப்புப் படிந்து உயிர்க்கே இறுதி வரும்.

நான்காவது, எலிநஞ்சு. எலிக்கென்று பூனையை வளர்த்து, அவ்வெலிக்கே நஞ்சும் வைப்பது நம் உழவர் வீடுகளிற் காணும் முரண். வயலிலும் களஞ்சியத்திலும் வைக்கும் புரோமோடையலோன், குருதி உறையாதவாறு செய்து எலியைச் சில நாளிற் கொல்லும். அச்சில நாளில் அவ்வெலி தளர்ந்து திரியும். தளர்ந்த எலியைப் பூனை எளிதிற் பிடிக்கும். அந்நஞ்சு பூனையின் உடலினுட் புகுந்து உட்குருதிப் பெருக்கை விளைவிக்கும். நஞ்சு வைப்பார் பூனையை உள்ளே அடைத்து வைக்க. பூனையை விடுவார் நஞ்சை விலக்கிப் பொறி வைக்க. இரண்டும் ஒருங்கே இயலா.

ஐந்தாவதே யாவற்றினும் பெரியது. அஃது இனப்பெருக்கமும் கைவிடுதலும் ஆம். பெட்டைப்பூனை நான்கைந்து திங்களிலேயே கருவுறும் பருவம் எய்துதல் கூடும். கருக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள் ஈனும். அவை பால் மறக்கு முன்னரே மீண்டும் கருவுறுதலும் உண்டு. இவ்வாறு ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்று நிகழும். தொல்காப்பியம் மரபியலில் வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் வகுத்துள்ளது. பெயரிட்டழைக்கும் நாம் அவற்றுக்கு இடம் வைத்தோமா? குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் சாக்கிற் கட்டி மீன்சந்தைப் பக்கத்தில் விட்டுவருதல் பல ஊர்களிலும் உள்ள வழக்கம். எம் ஊரிலோ நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் விட்டுவருவர். ஆறு தடையாதலின் திரும்பி வாராது என்பது அவர் கருத்து. இக்கரை புதுச்சேரி ஆட்சி. அக்கரை தமிழ்நாட்டு ஆட்சி. பாலத்தைக் கடந்தால் மாநிலம் மாறும். விட்டுவந்தவர் பொறுப்பு மாறுமோ? தாயை விட்டுப் பிரிந்த குட்டி நாய்க்கும் சாலை வண்டிக்கும் பசிக்குமே இலக்காகும்.

சட்டமும் இதனைப் பொறுக்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையாரின் இடைவிடா முயற்சியின் பயனாக, 1960ஆம் ஆண்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தாராமையையும், பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறுமாறு அதனைக் கைவிடுதலையும் குற்றமென்கிறது. அடித்தல் மட்டுமே வதையென்று எண்ணும் நமக்கு இது புதிய பாடம்: செய்யாமையும் வதையே. ஆயின் முதற்குற்றத்திற்கு அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்து வகுத்த தண்டம் 50 ரூபாய் வரையே. ஆதலின் தண்டத்தை அஞ்சி நடப்பார் மிகுதியாக இரார். மனச்சான்றை அஞ்சி நடப்பாரே வேண்டும்.

குட்டிகளைக் கைவிடாமைக்குச் சிறந்த வழி, அவை மிகுதியாகப் பிறவாமல் தடுப்பதே. ஐந்து திங்கள் நிறைவதற்குள் கருத்தடை அறுவை செய்வித்தல் நன்று என்பது விலங்கு மருத்துவர் பலரின் கொள்கை. 'ஒருமுறையேனும் ஈன்றபின் செய்யலாம்' என்பதற்கு உடல்நல அடிப்படை யாதும் இல்லை. கடுவனுக்கும் இது வேண்டும். அங்ஙனம் செய்த கடுவன் அலைந்து திரிதலும் பொருதலும் பெரிதும் குறையும். எம் கடுவனுக்கு அது செய்யப்பட்டிருப்பின், அக்கடியும் அம்மாத்திரையும் நேர்ந்திரா என்று பின்னர் உணர்ந்தோம்.

ஆறாவது, நோய்த்தடுப்பு. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. பூனையின் கடியாலும் வரும். லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் இந்நோய்க்குத் தடுப்பூசியை மனிதர்க்கு முதன்முதல் இட்டார். நம் நீலகிரிக் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிறுவனம் அமைந்தது. இத்துணைக் காலத்துக்குப் பின்னும், பூனை கடித்த இடத்தில் மஞ்சளை அப்பி வாளாவிருப்பார் உளர். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. கடித்தாலும் ஆழக் கீறினாலும் உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். பூனைக்கு மூன்று திங்கள் அளவில் தடுப்பூசி இடுவித்து, மருத்துவர் குறிக்கும் காலங்களில் மீண்டும் இடுவித்தல் வளர்ப்பார் கடன். கருவுற்ற பெண்டிர் உள்ள இல்லங்களில் பூனையையே துரத்திவிடுவதும் பிழை. பூனையின் மலத்திற் காணும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி, வெளிவந்து ஒருநாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் நிலை அடைகின்றது. நாள்தோறும் மணலை வேறொருவர் மாற்றினால் அச்சம் பெரிதும் நீங்கும்.

இறுதியாக ஒன்று. கடற்கரையோர் புயலை அறிவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரைகடந்தது. அத்தகைய வேளையில் மனிதர் பாதுகாப்பிடம் செல்வர். பூனையோ பூட்டிய வீட்டினுள் இருக்கும். எடுத்துச்செல்லக் கூடையொன்று முன்னரே இருத்தல் வேண்டும். எடுத்துச்செல்லல் இயலாதாயின், கட்டி வையாது, உயர்ந்த இடமும் சில நாளைக்கு உணவும் நீரும் அமைத்துச் செல்லுதல் குறைந்த அளவான கடமை.

'இத்தனையும் செய்வதற்கு யாம் செல்வர் அல்லேம்' என்பார் உளர். அவர் கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. நாட்கூலி பெறும் வீட்டில் அறுவைக்கு ஆகும் செலவு சிறிதன்று. ஆயின் எண்ணிப் பார்மின். கழிக்கும் மீனை வேகவைத்தலும், தண்ணீர் வைத்தலும், மணல் மாற்றலும், மாத்திரை கொடாமையும், நஞ்சு வையாமையும் பொருட்செலவு உடையன அல்ல. அறுவைக்கு ஒரு வீட்டாரால் இயலாததைத் தெருவார் ஐவர் கூடினால் செய்யலாம். ஒரு பூனைக்கு ஐந்து வீட்டார் சோறிடுவது நாம் காண்பதே. சோறிடுவார் ஐவராயின் பொறுப்பும் ஐவர்க்கே.

இது நம் விடுதிக்கும் பொருந்தும். உணவுக்கூடத்தின் வாயிலில் நாள்தோறும் நம் இலைகளை எதிர்நோக்கி நிற்கும் பூனைகளை நாம் அறிவோம். அவற்றுக்குப் பெயரிட்டு மகிழ்கின்றோம். கோடை விடுமுறை வந்ததும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புகைவண்டி ஏறுகின்றோம். அடுப்பு அணைகின்றது, வாயில் அடைபடுகின்றது, பூனைகள் மட்டும் அதே வேளையில் அதே வாயிலில் வந்து நிற்கின்றன. நண்டலாற்றைக் கடந்து சாக்கை அவிழ்த்துவிட்டு வருபவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? அவர் பூனையைக் கொண்டுபோய் விட்டுவருகிறார். நாம் பூனையை விட்டுவிட்டுப் போகின்றோம்.

ஆதலின் மாணவத் தோழர்களே, இவ்வாண்டு விடுமுறைக்கு முன், அப்பூனைகளுக்கு விடுமுறையில் உணவிடுவார் ஒருவரை அமர்த்தி, அதற்காகும் பொருளை நமக்குள் திரட்டித் தருவோமாக. மீளும்போது குட்டிகள் பெருகாதிருக்க மருத்துவர் துணையையும் நாடுவோமாக. தன் விலங்கின் உயிரைப் பேணுதல் நீதிமானுக்கு அடையாளம் என்று திருமறையின் நீதிமொழிகள் நூல் கூறும். பேணுதல் என்பது பாதி நாளைக்கு அன்று. வளர்க்கப் புகுந்தால் முழுமையும் வளர்ப்போம், இயலாதாயின் புகாதிருப்போம். வேலிக்கு வெளியே நின்றதை உள்ளே அழைத்தவர் நாமே. உள்ளே வந்த உயிரை இறுதிவரை உள்ளே வைத்துக் காப்பதே நம் கடன்.